வெறும் வயிறு

"காலைல இருந்து வாயில எதுவும் போடலீங்களே?"

நர்ஸ் கேட்டது அவனை. பதில் சொன்னது கோகிலவாணி.

"பச்சத் தண்ணி கூடக் குடிக்கலீங்க சிஸ்டர். நான் கூடவேதான இருக்கறேன்."

அவன் மனைவி பொய் சொல்கிறவள் இல்லை. இரண்டு வாரமாக அடுப்படிக்கே காவல் நின்றவள். அவனுக்குக் கஞ்சித் தண்ணீரும் மோரும்தான் என்று டாக்டர் சொன்னதும், வறுவல் தாளிப்பு எதுவும் இல்லாமல் வீட்டையே பத்தியத்தில் போட்டவள்.

அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏலக்காய் மணக்கும்.

விடியற்காலை கிளம்பும்போது அம்மா வாசலில் நிறுத்தினாள். மகனுக்காகப் பழனிக்குப் போய் வந்திருந்தாள். பஞ்சாமிர்தத்தை விரல் நுனியில் எடுத்து அவன் நாக்கில் தடவினாள். சாமி பிரசாதம் சாப்பாட்டில் சேராது என்பது அவள் கட்சி.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

கோகிலா காரில் பையை வைக்கப் போனாள். அம்மா விளக்கேற்ற உள்ளே போனாள். அவன் பஞ்சாமிர்த டப்பாவை எடுத்தான். அடிவரை வழித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

பசியா, பயமா? அவனுக்கே தெரியவில்லை.

நர்ஸ் நகர்ந்தாள். முதுகுப் பக்கம் முடிச்சு எட்டாத பச்சை அங்கியில் அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

பயம் ஒன்றும் சும்மா வரவில்லை. எடை குறைய இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கப்போகிறார்கள். வயிற்றுக்குள் போவது ரோபோவின் கைகள். டாக்டர் தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்து அவற்றை ஓட்டுவார்.

அவன் பொக்லைன் ஓட்டுகிறவன். இயந்திரக் கையைப் பற்றி அவனிடம் யாரும் கதை விட முடியாது. ஒருமுறை தெருவில் பள்ளம் பறித்தபோது, குடிதண்ணீர்க் குழாயைக் கிழித்துவிட்டான். பிடித்திருந்த லீவரில் சின்ன அதிர்வுகூட இல்லை. தண்ணீர் பீய்ச்சி அடித்த பிறகுதான் தெரிந்தது.

அதை மனதில் வைத்துத்தான் போன வாரம் டாக்டரிடம் கேட்டான்.

"உள்ள ஏதாச்சும் பட்டா உங்க கைக்குத் தெரியுங்களா?"

டாக்டர் மழுப்பவில்லை. கைக்கு அவ்வளவாகத் தெரியாது, கண்ணுக்கு நன்றாகப் பெரிதாகத் தெரியும் என்றார்.

வேண்டாம் என்று எழுந்து போவதிலும் சுகமில்லை. தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. இதயம் வீங்கத் தொடங்கியிருந்தது. இப்படியே விட்டால் ஒரு நாள் எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லாத குறைதான்.

சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் இந்தப் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்க மாட்டான். அவன் குணம் அவனுக்குத் தெரியும்.

சொல்லாவிட்டால், மயக்கத்தில் கிடக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கலாம். அதையும் எச்சரித்திருந்தார்கள்.



மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். அதே கேள்வி. கோகிலா வாயெடுத்தாள்.

"சாப்புட்டேனுங்க," என்றான். "பஞ்சாமிர்தம். ஒரு டப்பா."

கோகிலா அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் சட்டையைக் கேட்க வாய் திறந்தான். டாக்டரம்மா முந்திக்கொண்டார்.

"நல்லவேளை, சொன்னீங்க. சாயங்காலம் கடைசி கேஸா எடுத்துக்கலாம். அதுவரைக்கும் தண்ணி கூட வேண்டாம். இல்ல, வீட்டுக்குப் போறதுன்னாலும் போங்க. உங்க இஷ்டந்தான்."

உங்க இஷ்டம்.

இத்தனை நாளும் அவன் தப்பித்து வந்தது இந்த ஒன்றிடமிருந்துதான். டாக்டர் செய்துகொள்ளச் சொன்னார். கோகிலா தேதி வாங்கினாள். அம்மா மாரியம்மனிடம் பூப் போட்டுக் கேட்டு உத்தரவு வாங்கிவிட்டாள். அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் நிம்மதியாக இருந்தான்.

இப்போது வசமாக மாட்டிக்கொண்டான்.

மதியம் ஆகியும் பதில் சொல்லவில்லை. கோகிலாவும் கேட்கவில்லை. அவன் துணிகள் இருந்த பையை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.

கழுத்து ஒரு பக்கம் தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வராந்தாவில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அவள் அசையவில்லை.

அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்ததே இல்லை.

ராத்திரி எப்போது விழித்தாலும் அவள் கை அவன் நெஞ்சின் மேல் இருக்கும். கண் திறந்திருக்கும். ஒன்றுமில்லை, தூங்குங்கள் என்பாள். பாசம் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். இப்போதுதான் புரிந்தது: மூச்சு நின்ற ஒவ்வொரு முறையும் அவள்தான் உலுக்கி எழுப்பியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயமும் அப்படியேதான் இருந்தது.

சாயங்காலம் நெருங்கியது. எழுந்தான். பையின் மேல் அவள் பிடி தளர்ந்திருந்தது. மெல்ல உருவினான். வந்துவிட்டது. உள்ளே சட்டையும் வேட்டியும் இருந்தன. கதவு திறந்தே இருந்தது. பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

வாசலில் நர்ஸ் வந்து நின்றாள். "என்ன முடிவு பண்ணீங்க?"

அவன் உதட்டில் விரலை வைத்தான். பையை அவளிடம் நீட்டினான்.

"மெதுவாப் பேசுங்க சிஸ்டர், அவ தூங்கட்டும். ஸ்ட்ரெச்சர் எல்லாம் வேண்டாங்க, கடகடன்னு சத்தம் வரும். ஆபரேஷன் தியேட்டர் எந்தப் பக்கம்னு காட்டுங்க. நான் நடந்தே வர்றேன்."