ஒட்டாத எண்பத்தாறு

“சுகதேட்டனை கோளாறு சரிபண்ற வேலையிலேர்ந்து எடுத்துடணும். தீர்மானத்தை நானே கொண்டுவர்றேன்” என்றாள் ரஸீனா.

கோழிக்கோட்டில் பதினொரு பேர் சேர்ந்து மென்பொருள் எழுதும் கூட்டுறவுச் சங்கம் அது. முதலாளி கிடையாது. அதனால் முதலாளி செய்யும் வேலையையும் அவர்களே கைதூக்கிச் செய்துகொண்டார்கள்.

“காரணம்?” என்று கேட்டார் தலைவி சரோஜினி.

“சுவத்தைப் பாருங்க சேச்சி.”

சுவரில் பெரிய திரை. சங்கத்தின் ஐந்து வருட மெயில்கள் அதில் விரிந்து கிடந்தன. ஒவ்வொரு மெயிலும் ஒரு கட்டம். ஒரு மெயிலுக்குப் பதில் போட்டால், தாய் மெயிலின் எண் பதிலுக்குள் தானாகப் பதிவாகும். அதைப் பிடித்துக்கொண்டு ரஸீனாவின் மென்பொருள் கட்டத்துக்குக் கட்டம் கோடு போடும். பதில், பதிலுக்குப் பதில் என்று ஒவ்வொரு பேச்சும் கிளைவிட்டு ஒரு மரமாக நிற்கும்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் திரையின் அடியில் எதனோடும் ஒட்டாமல் ஒரு கும்பல் கட்டங்கள்.

“எண்பத்தாறு! எல்லாம் சுகதேட்டனோடது. ஒண்ணுத்துக்காவது பதில் பட்டனை அழுத்தியிருக்காரா? அரசாணை மாதிரி ஒவ்வொண்ணும் தனி மெயில்!”

“ஏட்டா, அந்தப் பட்டன் கை சுடுமா?” என்றான் பிரஜீஷ்.

“நம்ம கிளையில ஒட்டிக்கிட்டா கௌரவம் கொறஞ்சிடுமில்ல?” என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி நாற்காலியில் பாலில்லாத சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்த சுகதனும் சிரித்தார். ஐம்பதைத் தாண்டியவர் அங்கே அவர் ஒருவர்தான்; அதனால் எல்லோருக்கும் ஏட்டன், அண்ணன்.

“அது பாட்டுக்குத் தனியா கெடக்கட்டும் மோளே. யாருக்கு என்ன கஷ்டம்?”

“எனக்குக் கஷ்டம்! நாளைக்கு இதை வாங்க வர்ற நூலகக்காரங்க முன்னாடி இதை ஓட்டிக் காட்டணும். தவறுன்னு ஒருத்தர் எழுதினா, அது சரியாச்சா இல்லையான்னே மரத்துல தெரியல. பாதியில முறிஞ்சு நிக்குது. இவர் இருக்கிற வரைக்கும் இது உருப்படாது.”

“ஓட்டுக்கு விடலாமா?” என்றார் சரோஜினி.

“இருங்க சேச்சி. எவ்வளவு சுலபம்னு காட்டிட்டுக் கை தூக்கச் சொல்றேன்.”

அடியில் கிடந்த ஒரு கட்டத்தைப் பிடித்தாள். ‘ஒரே மெயில் இருமுறை போகும் கோளாறு சரியாயிற்று’ என்று சுகதன் எழுதியது. அதை இழுத்துக்கொண்டுபோய், பதில் வேண்டி நின்ற மெயிலின் கீழே விட்டாள். கோடு விழுந்தது. கைதட்டினார்கள்.

சங்கத்தின் மெயில் பட்டியலில் எப்போதும்போல, புதுப் பதில் ஒட்டினால் அந்த மரம் உச்சிக்கு ஏறிவிடும். அப்படித்தான் ஏறியது. சுவர் நிறையத் தலைப்பு வந்து நின்றது:

‘ரஸீனா செய்த தவறு: ஆஸ்பத்திரி மெயில் எல்லோருக்கும் இருமுறை போனது.’

தவறு செய்தவரின் பெயரைத் தலைப்பிலேயே போட வேண்டும் என்பது சங்கம் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம். வெளிப்படைத்தன்மை என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தார்கள்.

“ஐயோ, நாலு வருஷமா அடியில தூங்கிட்டிருந்ததை எழுப்பிட்டியே!” பிரஜீஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அது நான் சேர்ந்த வாரம்டா! நீ மட்டும் யோக்கியமா?”

அடுத்ததை ஒட்டினாள்.

‘பிரஜீஷ் செய்த தவறு: கல்லூரியின் முகவரிப் பட்டியல் முழுதும் அழிந்தது.’

“ஏய், என்னுதைத் தொடாதே!”

மூன்றாவது.

‘சரோஜினி செய்த தவறு: சங்கத்தின் கடவுச்சொல்லையே மெயிலில் அனுப்பியது.’

கூரை அதிர்ந்தது. தலைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

நாலாவது கட்டத்தின்மேல் ரஸீனாவின் விரல் நின்றுவிட்டது. மற்றதையெல்லாம் வரிசையாகப் பார்த்தாள். சரியாயிற்று, சரியாயிற்று, சரியாயிற்று. எதிலும் யார் பெயரும் இல்லை.

“ஏட்டா... இதுக்காகவா?”

சுகதன் கழுத்தைச் சொறிந்தார்.

“நமக்கு வேலை குடுக்கறவங்களும் பார்க்கற பட்டியல் இல்லையா மோளே. பேரோட வந்த தவறு ரெண்டு நாள்ல தானா கீழ போயிடும். சரி பண்ணிட்டேன்னு நான் பதில் போட்டா மறுபடி மேல வந்து நிக்கும். எதுக்கு?”

ரஸீனா அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுத் தலைவியின் பக்கம் திரும்பினாள்.

“சேச்சி, தீர்மானத்துல ஒரு திருத்தம்.”

“சொல்லு.”

“எடுக்க வேண்டியது சுகதேட்டனை இல்ல. தலைப்புல இருக்கற பேரை.”

பத்துக் கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. சுகதனின் கையை ரஸீனாவே பிடித்துத் தூக்கிவிட்டாள். யாரோ விசில் அடித்தார்கள்.

பிரஜீஷ் அதற்குள் திரையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

“இருங்க, இருங்க! ஏட்டன் பதில் பட்டனை அழுத்தின மரம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. பதினாலு பதில்! ஒவ்வொரு தடவையும் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்காரு. யாரு ஏட்டா அந்தப் பாவி? அவன்மேல மட்டும் என்ன அவ்வளவு கோபம்?”

“அதை விடுடா” என்று சுகதன் எழுந்தார்.

விடுவார்களா? எல்லோரும் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். பிரஜீஷ் திறந்தான்.

‘சுகதன் செய்த தவறு: ஒருநாள் முழுக்க யாருடைய மெயிலும் போகவில்லை.’