ஜமுக்காள மேகம்

ராத்திரி டியூட்டி முடித்து நர்ஸ் செண்பகவல்லி கோவில்பட்டி வீட்டுக்குள் நுழையும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில்தான் வீடு விழித்துக்கொள்ளும். கரண்ட் கம்பியையும் பேட்டரியையும் ஊரே மறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மொட்டைமாடி சோலார் பேனலில் வெயில் விழுந்தால் கிரைண்டர் சுற்றும், வாஷிங் மெஷின் ஓடும், மோட்டார் தண்ணீர் ஏற்றும். வெயில் சாய்ந்தால் எல்லாம் படுத்துவிடும். பகலில் வீட்டில் இருப்பவர்தான் வேலையை முடிக்க வேண்டும். இருப்பவள் அவள் ஒருத்திதான்.

ஒன்பது நாளாக வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை; அவளுக்குத் தூக்கமும் இல்லை. இன்று கிரைண்டர் முன்னால் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள். மாவைத் தள்ளிவிடப் போன கை கல்லில் இடிபட்டது. விரலை உதறிக்கொண்டே பார்த்தாள். நேற்று ராத்திரி வார்டில் ஒரு குழந்தைக்கு ஊசி போடும்போதும் இப்படித்தான் கண் அசந்தது.

எழுந்து மாடிக்குப் போனாள். கொடியில் காய்ந்த ஜமுக்காளத்தை உருவி, பேனல் மேல் விரித்தாள். கீழே கிரைண்டர் முனகி நின்றது.

போன் அடித்தது. ஆபீஸிலிருந்து கணவன் முத்துராஜ்.

"மாவு ஆட்டியாச்சா?"

"எங்கங்க? ஒரே மேகமூட்டம்."

"இங்க சுள்ளுன்னு அடிக்குதே!"

"அங்க அடிக்கும். இங்க மேகம்."

வீட்டுக்குள் ஃபேனும் நின்றுபோயிருந்தது. வெறுந்தரையில், வியர்வை வழிய வழிய, அவள் தூங்கிப்போனாள்.