பெரியவர் வாசலில் நிற்கிறார்

"மூஞ்சிய மூடிக்கோங்கக்கா," என்று கறுப்புத் துணியை நீட்டினான் வந்தவன்.

லேத் பட்டறைக்காரி மெஷினை நிறுத்தினாள். தலையில் கட்டியிருந்த முக்காட்டை இறுக்கிக்கொண்டாள்.

"தலையில இருக்கிறது நானா கட்டினது தம்பி. முகத்துக்கு வேண்டாம்னதும் நான்தான். ஓடுற மெஷின்ல துணி சிக்கினா கழுத்தோட இழுத்துடும்."

"அஞ்சு நிமிஷம்தான். பெரியவர் வாசல்ல நிக்கிறார். அவர் சொன்னா சொன்னதுதான்."

"நிக்கட்டும்."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிப் பாக்கட்டுமா?"

"தாராளமா. அவகிட்டயே கேளுன்னுவார்."

பொறுமையிழந்த பெரியவர் உள்ளே வந்தார். பின்னாலேயே கேமராவும் விளக்குகளும் வந்தன. முஸ்லிம் பெண்களைப் பற்றி வெளிநாட்டு டிவிக்குப் படமெடுக்கும் அந்த நரைத்த வெள்ளைக்காரர் ஏதோ சொல்ல, துணியை நீட்டியவன் தமிழில் சொன்னான்.

"துணி வேண்டாமாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாப் போதுமாம். பயப்படாம சொல்லணுமாம். முகத்தை மூடச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்துறது யாரு?"

அவள் கையிலிருந்த ஸ்பேனரால் பெரியவரைக் காட்டினாள்.

"கேமராவ அவர் பக்கம் திருப்பச் சொல்லு தம்பி."