சரி என்ற பதில்

தனக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று ஒரு நிரல் கணினியிடம் கேட்பதற்கான இடைமுகத்தை வடிவமைத்தவள் பூரணி. கேட்டது கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று உடனே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவள் வைத்த முதல் விதி. அந்த விதியை ஒரே ஒருவருக்காக அவளே மீறினாள். நான்கு வருடங்களுக்கு முன், அவள் ஆய்வு மாணவியாக இருந்த கூடத்தின் தலைவர் சபேசன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளுடைய நினைவக வரம்பைக் குறைத்தார். அவளது மூன்று வருட உழைப்பு தேர்வாளர்கள் முன்னிலையில் பாதியில் நின்றுபோனது. "உனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று எல்லோர் எதிரிலும் சொல்லி அனுப்பிவைத்தார். இப்போது சபேசன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் நிரல்கள் அவள் பொறுப்பில் இருந்த இயந்திரங்களில்தான் ஓடின. அவருடைய கோரிக்கைக்கு மட்டும் இடைமுகம் 'சரி' என்று சொல்லிவிட்டுப் பாதியைக் கொடுத்தது. மூன்றாவது வாரம் அவர் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார்; பூரணியே எடுத்தாள்.

"மேடம், கேட்டதக் குடுத்தாச்சுன்னுதான் காட்டுது. ஆனா பாதியிலயே நின்னுடுது. தப்பு நான் எழுதின புரோகிராம்லதான்னு சொல்லி வேலைய விட்டுப் போகச் சொல்றாங்க."

"உங்க புரோகிராம நல்லாப் பாருங்க சார்."

"நூறு தடவ பாத்துட்டேன் மேடம். நீங்களாவது போனை எடுத்தீங்களே. உங்க பேரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள். மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"பூரணி..." என்று எழுதியபடியே கேட்டார். "இனிஷியல் என்னம்மா?"