நூற்றிருபதுக்குப் பிறகு

பத்து வருடம் வானத்தைப் பார்த்ததில் கழுத்துவலிதான் மிச்சம். அன்று அந்தியில்தான் மொட்டைமாடியே வெளுக்கும்படி ஒரு எரிகல் பாய்ந்து போனது. பின்னால் வரும் இடியை வைத்துத் தூரத்தைக் கணிக்கலாமென்று, போனில் பதிவைப் போட்டு வாய்விட்டு எண்ணினேன். நூற்றிருபது வரை இடியே இல்லை. போனை அங்கேயே மறந்துவிட்டு, மனைவியிடம் சொல்லக் கீழே ஓடினேன்.

பிறகு இருவரும் மேலே வந்து பதிவைக் கேட்டோம். நூற்றிருபதுக்குப் பின் என் செருப்பு படியிறங்கியது. அப்புறம் என் குரலே நிதானமாகத் தொடர்ந்தது: "நூத்தி இருபத்தொண்ணு, நூத்தி இருபத்திரெண்டு..."

"அப்போ நீங்க கீழ என்கிட்டதானே கதையளந்துட்டு இருந்தீங்க?" என்றாள்.

முந்நூற்றுப் பத்தில் இரண்டு ஜோடிச் செருப்புகள் படியேறும் சத்தம் கேட்டது. "போனை எங்கங்க வெச்சீங்க?" என்றது பதிவில் அவள் குரல்.

எண்ணுவது நின்றது.

"வந்துட்டாங்க" என்று என் குரல் யாரிடமோ சொன்னது.