அக்கரைத் தேர்வாளர்

"பன்னெண்டு மணிக்கு இணைப்பத் துண்டிச்சிடுவாங்க. வளவளன்னு பேசாம சுருக்கமா பதில் சொல்லு."

வழிகாட்டிப் பேராசிரியை ஆய்வு மாணவியின் காதோரம் சொன்னார். திரையில் வெளித்தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் இருந்தது எல்லை நதிக்கு அக்கரையில், அடுத்த நாட்டில்.

இரண்டு நாடுகளுக்கும் ஆகவில்லை. இன்று நண்பகலோடு அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் எந்தத் தொடர்பும் கூடாது என்று உத்தரவு. அதற்குள் அவர் 'தேர்ச்சி' என்று கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் ஆறு வருட உழைப்பு ஆற்றில் கரைத்த புளி.

ஆய்வே அந்த ஆற்றின் வண்டலைப் பற்றியதுதான். பத்து மணிக்குத் தொடங்கிய தேர்வாளர், ஆய்வுமுறை பற்றி இரண்டே கேள்விகள் கேட்டார். பிறகு தடம் மாறிவிட்டார். பழைய படகுத்துறைக்குக் கீழே மண் என்ன நிறம்? வெள்ளம் வடிந்த பிறகு கால் எவ்வளவு புதைகிறது? நாணல் மேடு இன்னும் இருக்கிறதா? ஒவ்வொரு பதிலையும் நிதானமாக எழுதிக்கொண்டார்.

பேராசிரியை ஒலிவாங்கியை அணைத்தார். "வேணும்னே இழுத்தடிக்கிறார் மனுஷன். நாட்டுக்கு நாடு சண்டைன்னா இந்தப் பொண்ணு தலையிலயா விடியணும்?"

பதினொன்று ஐம்பது. மாணவி ஒலிவாங்கியை மறுபடி திறந்து, அவர் கையெழுத்திட வேண்டிய அறிக்கையை மெல்ல நினைவுபடுத்தினாள்.

"இருக்கட்டும்மா. வளைவுக்கு மேற்கே மணல் சேருதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்களே இறங்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். இடுப்பளவு தண்ணில நின்னேன்."

அதையும் எழுதினார். அடுத்த கேள்விக்கு வாயெடுத்தபோது திரை கறுத்தது.

மாணவி அழவில்லை. மூடியிருந்த பேனாவை மறுபடி மறுபடி மூடிக்கொண்டிருந்தாள். பேராசிரியை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தேர்வுப் பிரிவு எழுத்தர் ஒட்டிய உறையோடு உள்ளே வந்தார். வாய்மொழித் தேர்வு முடியும்வரை தேர்வாளரின் முடிவை யாருக்கும் காட்டக் கூடாது என்பது அங்கே விதி. அவர் விதி பிசகாத மனிதர்.

"காலைல எட்டு மணிக்கே மெயில்ல வந்துடுச்சு மேடம். நாந்தான் பிரின்ட் எடுத்து ஒட்டி வெச்சேன்."

பேராசிரியை உறையைக் கிழித்தார். 'தேர்ச்சி.' கையெழுத்து. அதன் கீழே சில வரிகள்:

"ஆய்வேடே போதும். இன்று நான் கேட்கப்போவது எதுவும் தேர்வுக்காக அல்ல. முப்பது வருடம் இந்தக் கரையிலிருந்து மட்டுமே பார்த்த ஆற்றைப் பற்றி, அந்தக் கரையில் நின்றவரிடம் கேட்க எனக்கு இனி வேறு நாள் இல்லை."