தொட்டில் அறை

தினமும் காலையில் செய்யூர் கடலை மில்லைத் திறந்ததும் மானேஜர் பாஷ்யம் தொட்டில் அறையைப் பெருக்குவான். தூளியை இறுக்கிக் கட்டுவான். தூங்கும்வரை ஆட்டுவான். அன்றும் ஆட்டிக்கொண்டிருந்தபோது தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார்.

“கூலிப் பெண்களோட குழந்தைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போயாச்சாமே? குழந்தை இல்லேன்னா அறையைப் பூட்டணும். ஆயாவையும் நிறுத்தணும்.”

“ஒண்ணு பாக்கி இருக்கு சார். இப்பத்தான் தூங்கித்து.”

“ஆயா எங்கே?”

பாஷ்யம் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தான். இன்ஸ்பெக்டர் தூளித் துணியை விலக்கினார். உள்ளே எழுபது வயது ஆயா ஆதியம்மாள், வாயில் விரலை வைத்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள்.

“வேலை போனா இவளுக்குப் போக்கிடம் இல்லை சார்.”

இன்ஸ்பெக்டர் துணியை மூடினார். அவர் கை தானாகத் தூளியை ஆட்டியது.

உள்ளேயிருந்து ஆதியம்மாள் சொன்னாள்: “மெதுவா ஆட்டு நைனா, இடுப்பு நோவுது.”